கேட்டு முடிந்த ஓடு

மூவாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு மனிதரின் குரல், விநாடி நானூறு டாலர். வரி தனி.

அரசர், பூசாரி வகையறா என்றால் விநாடிக்கு இரண்டாயிரம். குயவர், கொத்தனார், சமையல்காரர் என்றால் இந்த நானூறு. செத்து இத்தனை காலமாகியும் ஆள் பார்த்துத்தான் விலை. லக்சர் நகரத்தில், நைல் நதியின் மேற்குக் கரையில், கேள்விக்கூடம் என்று பெயர் எழுதிய அந்தக் கட்டடத்தின் வாசலில் தொங்கிய விலைப்பலகையைப் பார்த்ததும் விருதுநகர் அருஞ்சுனைக்கு எகிப்து நாட்டின் மேல் முதல் தடவையாக மரியாதை வந்தது. பிரமிடு, கல்லறை, பனைமர உயரத்துக்கு உட்கார்ந்திருக்கும் கல் ராஜாக்கள் எல்லாவற்றையும் அவர் பார்த்தாயிற்று. விலை எழுதாத பொருளை அவரால் ஒழுங்காகப் பார்க்க முடிந்ததில்லை.

நாற்பது வருஷமாக உளுந்து, துவரை மண்டி. கல்யாண நாளுக்கென்று துபாயில் இருக்கும் மகள் பணம் கட்டி அனுப்பிய சுற்றுலா. பதினெட்டுத் தமிழர்கள், ஒரு பஸ், பிஷோய் என்று ஒரு வழிகாட்டி. பிஷோய் ஒல்லியான எகிப்தியக் கிறிஸ்தவர். தமிழ் தெரியாது. கழுத்தில் தொங்கிய மொழிபெயர்ப்பான் அவருக்காகத் தமிழ் பேசியது. அதற்கு அந்தத் தமிழை யார் சொல்லிக் கொடுத்தார்களோ, பழைய வானொலியில் செய்தி வாசிக்கிறவரைப் போலவே பேசும்.

"அன்புடையீர், இக்கூடத்தில் பானைகள் பேசும்" என்றது அது. "பானையைச் சக்கரத்தில் சுழற்றும்போது, குயவர் ஈரக் களிமண்ணில் ஒரு குச்சியை வைத்து வரி போடுவார். அருகில் எவரேனும் பேசினால் அக்குச்சி நடுங்கும். நம் கண்ணுக்குத் தெரியாத நடுக்கம். பானையைச் சுட்டதும் அந்நடுக்கம் அப்படியே நின்றுவிடும்."

"கிராமபோன் தட்டுன்னு சொல்லுங்க" என்றார் காளிராஜன். சிவகாசியில் பட்டாசு ஆலை வைத்திருக்கிறவர். பயணம் தொடங்கிய நாளிலிருந்தே அருஞ்சுனைக்குப் பக்கத்து சீட்.

"ஆம் ஐயா. ஆனால் ஒரே ஒரு முறை சுற்றக்கூடிய தட்டு. வரியைப் படிக்கும் ஒளி, மேல்தோலை உரித்துக்கொண்டே போகும். படித்து முடித்தால் பானை மொழுக்கென்று ஆகிவிடும்."

அருஞ்சுனை குறுக்கே புகுந்தார். "படிக்கும்போதே ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிட வேண்டியதுதானே?"

"எடுக்க முடியும். நிறுவனம் எடுப்பதில்லை. வாங்கியவரிடம் மட்டும்தான் அக்குரல் இருக்கும். அருங்காட்சியகத்திடம் இல்லை, அறிஞர்களிடம் இல்லை. உலகில் வேறெவரிடமும் இல்லை என்பதற்குத்தான் விலை."

"அரசாங்கம் சும்மாவா இருக்கு?"

பிஷோய் தோளைக் குலுக்கினார். மொழிபெயர்ப்பான் ஒரு கணம் யோசித்தது. "எங்கள் கிடங்குகளில் ஓடுகள் மலைபோல் கிடக்கின்றன ஐயா. கூரைகள் ஒழுகுகின்றன. இந்தப் பணத்தில் சில கூரைகள் ஒழுகுவதில்லை."

"காப்பி ஒண்ணு வெளிய நடமாடுச்சுன்னா விலை விழுந்துரும்ல" என்றார் அருஞ்சுனை, ஒரு நல்ல தொழில்காரரைப் பற்றி இன்னொரு நல்ல தொழில்காரர் பேசுகிற குரலில். "சரியான வியாபாரம்யா. மூளைக்காரப் பயலுக."

முதலில் உள்ளே போனது காளிராஜன்தான். ஏதோ கணக்கப்பிள்ளை வீட்டுப் பானையாம், பார்க்க லட்சணமாக இருந்ததாம், எட்டு விநாடி வாங்கினார். வெளியே வரும்போது முகம் நமுத்த மத்தாப்பு மாதிரி இருந்தது.

"என்னய்யா சொன்னான்?"

"தும்முனான் அண்ணாச்சி."

"அப்புறம்?"

"மூக்கைச் சிந்துனான்."

"அதுக்கப்புறம்?"

"சக்கரம் கடகடன்னு ஓடுது. முடிஞ்சுபோச்சு." காளிராஜன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார், குரல் அதற்குள் ஒரு சின்னச் சில்லில் இருந்தது. "ஆனா ஒண்ணு அண்ணாச்சி. இந்தத் தும்மல் உலகத்துல வேற எவன்ட்டயும் கெடையாது."

பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அருஞ்சுனை எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்து முடித்தபோது, மாதிரி பார்க்காமல் தாம் எதையும் வாங்கப்போவதில்லை என்று அவருக்குள் முடிவாகியிருந்தது.

மண்டியில் அப்படித்தான். மூட்டையில் குத்தூசியைச் செருகி, நாலு மணி உளுந்தை உள்ளங்கையில் கொட்டி, ஊதிப் பார்த்து, ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச உட்கார்வார்கள்.

"மாதிரி காட்டச் சொல்லுங்க தம்பி" என்றார் பிஷோயிடம். "ஒரு பானையை எடுத்து, கொஞ்சம் போட்டுக் காட்டட்டும். பிடிச்சா வாங்குறேன்."

"மாதிரிக்கு வழி இருக்கிறது ஐயா. ஆனால் நான் எவருக்கும் அதைச் சொல்வதில்லை."

"ஏன்?"

பிஷோய் அவரைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார். "வரி முழுவதையும் ஒரே மூச்சில்தான் படிக்க முடியும். படித்தால் பானை அழிந்தது. குரல் முழுவதும் நாற்காலியின் நினைவுக்குப் போய்விடும். அதில் மூன்றில் ஒரு பங்கைத் தங்களுக்குக் கேட்கத் தருவார்கள். தாங்கள் நாற்காலியில் இருக்கும்வரை குரலும் இருக்கும். வாங்கினால் தங்களுக்கு. வாங்காமல் எழுந்தால், நாற்காலி அதை அழித்துவிடும். விற்காத குரல் ஒன்றைக்கூட வைத்துக்கொள்வதில்லை என்று மற்ற வாடிக்கையாளர்களுக்கு அவர்கள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்."

அருஞ்சுனை அந்த இளைஞரின் தோளில் கை போட்டார். "இதுதான் கடைசி, இத விட்டா இனிமே வராதுன்னு சொல்றவன் கடையில, உள்ள எப்பவும் நாலு மூட்டை கெடக்கும் தம்பி."

"இங்கே உள்ளே ஒன்றும் கிடக்காது ஐயா."

"சரி சரி."

"நான் உண்மையாகவே சொல்கிறேன்."

அருஞ்சுனை சிரித்தார். பொய் சொல்கிறவன்தான் உண்மையாகவே என்ற சொல்லைச் சேர்ப்பான் என்பது அவர் அனுபவம். அந்த அனுபவத்தில் அவர் ஒருபோதும் நஷ்டப்பட்டதில்லை.

அருஞ்சுனையின் மனைவி பூங்கனிக்கு உள்ளே வர விருப்பமில்லை. அவளுக்குச் சின்ன வயதில் சீழ் கோத்து இரண்டு செவிப்பறையும் பாழ். வயதாக ஆக இன்னும் மோசம். எதிரே நின்று, முகத்தைப் பார்த்து, உரக்கச் சொன்னால்தான் பாதியாவது விளங்கும். காதுக்கருவி ஒன்று இருந்தது. அது விசில் அடிக்கிறது என்று கைப்பையிலேயே கிடக்கும்.

"எனக்கு எதுக்குங்க? நான் பஸ்ல ஒக்காந்திருக்கேன்" என்றாள்.

"இரண்டு பேருக்கும் ஒரே காசுதான். வா!" என்று அவர் கத்தினார்.

அந்த நாற்காலிகளில் ஒலிபெருக்கி கிடையாது. தலை சாய்க்கும் இடத்தில் இரண்டு குமிழ்கள். காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அவை பதிந்துகொள்ளும். சத்தம் எலும்பு வழியாக உள்ளே போகும். பழைய குரல்கள் அத்தனை நைந்தவை, காற்று வழியாக விட்டால் கரைந்துவிடும் என்று பிஷோய் விளக்கினார். பூங்கனியின் கெட்டுப்போன செவிப்பறையை அது சுற்றிக்கொண்டு போய்விடும் என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

பானை ஒன்றும் பிரமாதமில்லை. கழுத்து மட்டும் மிஞ்சிய ஓடு, கூலிக்காரக் குடியிருப்பிலிருந்து வந்தது. மொத்தம் இருபத்தோரு விநாடி. அதில் ஏழு விநாடி மாதிரி. கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடு சுற்றியது, ஒரு நீல ஒளி அதைத் தடவிக்கொண்டு போனது, வரிகள் மறைந்தன. பிறகு நாற்காலிகளின் மேல் பச்சை விளக்கு எரிந்தது.

அருஞ்சுனை அந்த ஏழு விநாடியும் பிஷோயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விற்கிறவனின் முகத்தில் சரக்கின் தரம் தெரியும். சக்கரத்தின் கடகடப்பு, அதன் மேல் ஏதோ கீச்சுக் குரல், பிறகு ஓர் ஆணின் தொண்டை: ம். மறுபடி கீச்சுக் குரல். ம். மறுபடி. ம். அவ்வளவுதான் அவருக்கு எட்டியது. தும்மலுக்கு இது மேல், பாதி விலைக்குத் தகும் என்று தீர்மானித்துக்கொண்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

பூங்கனி வாயை லேசாகத் திறந்து வைத்திருந்தாள். கண்ணில் நீர் கோத்திருந்தது.

"ஏங்க" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது, எத்தனையோ வருஷமாகத் தன் சத்தம் தனக்குக் கேட்காததால் அவளும் உரக்கவே பேசுவாள், இப்போது மெல்லப் பேசினாள். "ஏங்க, எனக்குக் கேக்குது. தெளிவா கேக்குது. சின்னப் பிள்ளை ஒண்ணுங்க. ரெண்டு மூணு வயசு இருக்கும். என்னமோ கேட்டுக்கிட்டே இருக்கு. அப்பன்காரன் வேலைய பாத்துக்கிட்டே ம் ம்ங்கிறான். உங்கள மாதிரியே." சிரித்தாள். "மிச்சத்தையும் போடச் சொல்லுங்க. அதுக்கு என்ன வேணுமாம்?"

சரக்குப் பிடித்துப்போனது விற்கிறவனுக்குத் தெரியக்கூடாது. இது அருஞ்சுனைக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அரைஞாண் கட்டிய வயதிலேயே உடம்பில் ஏறியது. இங்கே பூங்கனி கண்ணில் நீரோடு உட்கார்ந்திருக்கிறாள். இதைப் பார்த்த பிறகு எந்தக் கடைக்காரன் ஒரு டாலர் குறைப்பான்?

"சுமார்தான்" என்றார் பிஷோயிடம், சோம்பல் முறித்துக்கொண்டு. "சத்தம் தெளிவில்ல. பாதிக்கு வருமான்னு கேளுங்க."

சுவரில் இருந்த திரை அவர் சொன்ன தொகையைக் கேட்டுக்கொண்டு பதில் சொன்னது: விலையில் மாற்றம் இல்லை.

"பிஷோய் தம்பி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

"கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை ஐயா. அது விலைப்பட்டியல். தயவுசெய்து எழுந்திருக்காதீர்கள்."

ஒரு வழிகாட்டி இத்தனை அக்கறையாகச் சொன்னால் அவனுக்குக் கமிஷன் பெரிது என்று அர்த்தம். அருஞ்சுனை எழுந்தார். பூங்கனி எழவில்லை. "இருங்க, இருங்க" என்றாள். "நான் வரல. இன்னொரு தரம்..." அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். ரொம்ப வலிக்கிற மாதிரி இல்லை, ஆனால் நாற்பது வருஷமாகப் பழகிய பிடி. அவள் எழுந்துவிட்டாள்.

போகிற மாதிரி போவது என்று ஒன்று உண்டு. மண்டித் தெருவில் அது ஒரு கலை. படி இறங்க வேண்டும், ஆனால் செருப்பை முழுக்க மாட்டக்கூடாது. முதுகில் முடிவு தெரிய வேண்டும், நடையில் அவகாசம் தெரிய வேண்டும். அட வாங்க அண்ணாச்சி, கோவிச்சுக்கிட்டா எப்படி என்று ஒரு குரல் பின்னாலிருந்து வரும். அருஞ்சுனை வாழ்க்கையில் அந்தக் குரல் வராமல் போனதில்லை.

கதவைத் தாண்டினார். அகழாய்வுப் படங்கள் மாட்டிய நடைபாதையில் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்றார். மூன்றாவது படத்தின் கீழே, செருப்பு வாரைச் சரி செய்கிற சாக்கில் குனிந்தார். குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார்.

பிஷோய் வந்தார். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார்.

"சொல்லுங்க தம்பி. கடைசியா என்ன விலை?"

"விலை இல்லை ஐயா. பொருள் இல்லை."

"சரி, முழு விலையே தாரேன். போடச் சொல்லுங்க. வீட்டுக்காரிக்குப் பிடிச்சிருக்கு."

"இரண்டு நாற்காலியும் காலியானதும் விளக்கு அணைந்துவிட்டது."

"எங்கயாவது இருக்கும்யா. பின்பக்கம் ஒரு கம்ப்யூட்டர்ல..."

பிஷோய் பதில் சொல்லும்முன் மூக்கின் மேல்பகுதியைத் தேய்த்துக்கொண்டார். "என் தந்தைக்குக் கெய்ரோ சந்தையில் செப்புத் தட்டுக் கடை. தாங்கள் எழுந்து நடந்ததைப் பார்த்தேன். முதல்தரமான நடை. என் தந்தையாயிருந்தால் தெருமுனை வரை ஓடி வந்து தங்கள் கையைப் பிடித்திருப்பார். தேநீர் வாங்கிக் கொடுத்திருப்பார். இங்கே ஓடி வர ஆளில்லை ஐயா. நாற்காலிதான் இருக்கிறது. அதற்கு, எழுந்தவர் எழுந்தவர்தான்."

"நடைன்னு தெரிஞ்சிருச்சுல்ல உமக்கு? அப்ப ஏன்யா நிறுத்தல?"

"வாசலில் திரும்பிவிடுவீர்கள் என்று நினைத்தேன்." மொழிபெயர்ப்பானின் செய்தி வாசிக்கும் குரல் அதை எந்த உணர்ச்சியும் இல்லாமல் சொன்னது. பிஷோயின் சொந்தக் குரல் அடியில் உடைந்து கேட்டது. "நானும் கடைக்காரர் மகன்தானே. அந்தக் கணக்கில் இருந்துவிட்டேன்."

பூங்கனிக்கு இந்தப் பேச்சு எதுவும் எட்டவில்லை. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "எப்ப போடுவாங்களாம்? உள்ள போவமா?"

அருஞ்சுனை அவள் காதருகே குனிந்தார். "அது இல்லையாம் கனி" என்றார்.

"என்னது?"

"இல்லையாம்."

"சத்தமா சொல்லுங்க."

மெல்லச் சொல்லி முடித்துவிடுகிற சமாசாரம் எதையும் பூங்கனியிடம் மெல்லச் சொல்ல முடியாது. உடன் வந்த பதினாறு பேரும் கூடத்தில் நின்றார்கள். எல்லோரும் கேட்க அவர் கத்தினார்: "அழிஞ்சு போச்சு! நாம எந்திரிச்சதும் அழிச்சிருச்சு!"

"யாரு?"

"மெஷினு!"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"நான் எந்திரிக்கலையே" என்றாள்.

விசாரணை மேசையிலும் ஒரு திரைதான். அருஞ்சுனை தன் அட்டையை நீட்டி இருபத்தோரு விநாடிக்கும் முழுத் தொகையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாதிரிக்குக் கட்டணம் கிடையாது என்றது அது. அப்படியானால் பானைக்கு நஷ்ட ஈடாக வைத்துக்கொள்ளட்டும் என்றார். பானைக்கு ஏற்கெனவே காப்பீடு உண்டாம். இரட்டிப்பாகத் தருகிறேன், தர்மமாக எடுத்துக்கொள் என்றார். அதன் கணக்கில் அப்படி ஒரு பத்தி இல்லை.

"அண்ணாச்சி" என்றார் பின்னால் நின்ற காளிராஜன், "விலைய ஏத்தி ஏத்திக் கேக்குற அருஞ்சுனைய இன்னைக்குத்தான் பாக்குறேன்." வழக்கமான கேலிதான். சொல்லிவிட்டுத்தான் காளிராஜன் அவர் முகத்தைப் பார்த்தார். பஸ்ஸில் ஏறும்போது தன் சட்டைப் பையைத் திறந்து அந்தச் சில்லை நீட்டினார். "மதினிக்கு இதக் குடுங்க. தும்மல்தான். ஆனாலும் எலும்புல வச்சா கேக்கும்ல."

பூங்கனி அதை வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். "வேண்டாம் தம்பி. அது பெரிய ஆளு. மூக்க அதுவே சிந்திக்கிடும்."

மறுநாள் கர்னாக் கோயில். தூண்களுக்கு நடுவே பிஷோய் ஒரு சுவரைக் காட்டினார். பெயர் இருந்த இடத்தில் உளியால் கொத்திய பள்ளம். ஒருவர் பெயரை யாராவது சொல்லிக்கொண்டிருக்கும்வரை அவர் சாவதில்லை என்று இந்த மக்கள் நம்பினார்களாம். அதனால் ஓர் அரசர் போனதும், பிடிக்காத அடுத்தவர் ஆள் வைத்துப் பெயரைக் கொத்தி எடுத்துவிடுவாராம்.

மற்றவர்கள் படம் எடுத்தார்கள். அருஞ்சுனை அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தார். காவலர் அதட்டியதும் எடுத்துக்கொண்டார்.

"கொத்துனவனுக்கு என்ன குடுத்திருப்பாங்க தம்பி?"

"தினக்கூலி ஐயா. ரொட்டியும் பீரும்."

"ரொட்டிக்குச் செஞ்சிருக்கான்" என்றார் அருஞ்சுனை. "நான் தள்ளுபடிக்குச் செஞ்சேன்."

மொழிபெயர்ப்பானுக்கு அது சரியாகப் பிடிபடவில்லை போலிருக்கிறது. பிஷோய் தள்ளுபடிச் சீட்டு விற்கும் இடத்தைக் காட்டினார்.

அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இது வேடிக்கையான விஷயம், ஏனென்றால் அவர் யாரையும் ஏமாற்றவில்லை. யார் பணமும் போகவில்லை. தன் பணமும் போகவில்லை. மண்டியில் மாதிரிக்குக் குத்தின உளுந்து தரையில் சிந்தும். சாயங்காலம் கூட்டி அள்ளிக் கோழிக்குப் போடுவார்கள். அதை நினைத்து எந்த வியாபாரியும் தூக்கம் கெட்டதாக அவர் கேள்விப்பட்டதில்லை. இப்படியெல்லாம் தனக்குத்தானே பேரம் பேசிப் பார்த்தார். மறுபக்கம் யாரும் படியவில்லை.

பூங்கனி சண்டை போடவில்லை. சண்டை போட்டால் நன்றாயிருக்கும் என்று அவர் ஏங்கினார். அவள் எல்லா இடத்துக்கும் வந்தாள், எல்லாவற்றையும் பார்த்தாள், எதையும் பற்றிப் பேசவில்லை. உதடு மட்டும் எப்போதும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தார்.

கடைசி நாள் கெய்ரோ அருங்காட்சியகம். தங்கம் வைத்த அறையில் கூட்டம் அப்பியது. பூங்கனி அங்கே போகவில்லை; யாரும் நிற்காத ஒரு மூலையில், வீட்டுச் சாமான்கள் வைத்த கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றாள். சீப்பு, செருப்பு, மண் குவளை, வாய் திறக்கும் மர முதலைப் பொம்மை ஒன்று. உதடு அசைந்துகொண்டே இருந்தது.

அருஞ்சுனை முன்னால் போய் நின்று, முகத்தைக் காட்டிக் கேட்டார். "என்ன கனி சொல்லிக்கிட்டே இருக்க?"

"அந்தப் பிள்ளை சொன்னதத்தான்."

"என்னது?"

"மறந்துரும்ங்க. எழுதி வைக்க முடியாது, நம்ம எழுத்துல வரல. அதான் சொல்லிக்கிட்டே இருக்கேன். நேத்து வரைக்கும் சரியா வந்துச்சு. இன்னைக்குக் காலையில நடுவுல ஒரு எடம் நழுவிப்போச்சு." அவள் கவலையோடு நெற்றியைச் சுருக்கினாள். "நீங்களும் கேட்டீங்கள்ல? அந்த நடு எடம் எப்படி வரும், சொல்லுங்க."

நல்ல காது இரண்டும் வைத்திருந்த மனிதர் அருஞ்சுனை. அந்த ஏழு விநாடியில் அவர் மனதில் தங்கியது ஒரு தகப்பனின் தொண்டைச் சத்தம் மட்டும்தான். "எனக்கு நினைவில்ல கனி" என்றார். அவள் மறுபடி சத்தமாகச் சொல்லச் சொல்வாள் என்று பயந்தார். அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"நான் சொல்லிப் பாக்குறேன், இருங்க" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். அறுபது வயது மனுஷியின் வாயிலிருந்து ஒரு சின்னப் பிள்ளையின் சிணுங்கல் வந்தது. மூன்று முறை, ஒவ்வொரு முறையும் கடைசியில் ஒரே மாதிரி இழுத்து முடிகிற ஏதோ ஒன்று. அம்பூ. அம்பூ. அம்பூ.

எல்லோரையும் பஸ்ஸுக்கு அழைக்க வந்த பிஷோய் கதவருகில் நின்றுவிட்டார்.

அவர் மொழிபெயர்ப்பானைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு அது இல்லாமல் முடியாது என்று புரிந்து மறுபடி மாட்டிக்கொண்டார். "அம்மையார் இப்போது சொன்னது எது?"

"அந்தப் பானையில இருந்த பிள்ளை" என்றார் அருஞ்சுனை.

"கடைசிச் சொல்லை மறுபடி சொல்லச் சொல்லுங்கள்."

பூங்கனி சொன்னாள். பிஷோய் கண்ணாடிப் பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டார். "என் வீட்டில் இரண்டு வயது மகள் இருக்கிறாள் ஐயா. இன்று காலை நான் கிளம்பும்போது என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு இதைத்தான் சொன்னாள். இது அரபு அல்ல. பெரியவர்கள் எவரும் இச்சொல்லைச் சொல்வதில்லை. எங்கள் நாட்டில் குழந்தைகள் மட்டும் சொல்வார்கள். அந்தப் பானை செய்தவர்களின் பழைய மொழியின் மிச்சமாகக் குழந்தைகள் வாயில் தங்கிவிட்டது என்பார்கள். நான் நம்பியதில்லை."

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

"தண்ணீர். தாகமாக இருக்கிறது, தண்ணீர் கொடு."

அருஞ்சுனை அதை மனைவிக்குக் கத்திச் சொன்னார். அருங்காட்சியகத்தில் அப்படிக் கத்தக்கூடாது. யாரோ திரும்பிப் பார்த்தார்கள். பூங்கனிக்கு முகம் மலர்ந்தது. இத்தனை நாளாக மூட்டையாகக் கட்டிச் சுமந்து வந்ததை யாரோ பிரித்துக் காட்டின மாதிரி சிரித்தாள். "தண்ணிதானா! அதான் அப்படிச் சிணுங்குச்சா! வெயில்ல அப்பன்கூட ஒக்காந்திருக்கும், பாவம்." பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. அவரைப் பார்த்துக் கேட்டாள்:

"குடுத்தானாங்க?"

அருஞ்சுனைக்குத் தொண்டை வரைக்கும் ஒரு 'ம்' வந்தது. நாற்பது வருஷமாக எந்தக் கேள்விக்கும் வருகிற அதே 'ம்'. சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அவர் அதை விழுங்கினார்.

"தெரியாது கனி" என்றார். சத்தமாகச் சொன்னார். "மிச்சப் பதினாலு விநாடியில இருந்திருக்கும்."

அவள் தலையசைத்தாள். கண்ணாடிக்குள் இருந்த மண் குவளையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைப்பையை மாட்டிக்கொண்டு, உதடு அசைய அசைய, பஸ்ஸுக்கு நடந்தாள். அவர் பின்னால் நடந்தார். வாசல் வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டே போனார். அவருக்குத் தெரிந்த ஒரே தியானம் அதுதான்.

பிள்ளை கேட்டது, மூன்று தரம். தகப்பன் 'ம்' சொன்னது, மூன்று தரம். அதுவரைக்கும் நேர். தண்ணீர், ஒரு வாய்: கொடுத்ததாகவும் இல்லை, கொடுக்காததாகவும் இல்லை. விருதுநகர் அருஞ்சுனை பேரில் பற்று. வரவு வைக்க இடமில்லை.